நிற்காமல் ஓடிய தையல் மிஷின்

ரப்பர் விலை விழுந்து, ரயில் பட்டறையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை வெளியே அனுப்பிய ஆண்டு அது. கடல் கடந்து பிழைக்க வந்த நாங்கள், பட்டறைக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். வரிசைக்கே ஒரு தண்ணீர்க் குழாய்தான். அதுவும் உடைந்தது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், "ஆறு பக்கத்துலதானே ஓடுது, அள்ளிக் குடிங்க!" என்றார். அதைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். குழாயைச் சரிசெய்யும்வரை ஒரு வீடும் வாடகை தருவதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

மனுஷன் குழாய்க்காரனைக் கூப்பிடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்! ஒரு நாள் பிற்பகல், வாடகைக்கு ஈடாகச் சாமான்களை ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா மாட்டுவண்டியோடு வந்துவிட்டார். கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒருவர் கையில் இயங்கிக்கொண்டிருக்கும் பொருளை ஜப்தி செய்யக்கூடாது என்று சட்டத்தில் படித்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். வேலையில்லை என்று அவர் புருஷனைச் சர்க்கார் தாய்நாட்டுக்கே கப்பலேற்றிவிட்டது. அவர் பிள்ளைகளுக்கு அந்தத் தையல் மிஷின்தான் சோறு.

"அக்கா, நிறுத்தாம மிதிங்க! ஓடுற மிஷினை எடுக்க முடியாது!"

"தைக்கத் துணி இல்லையே, தம்பி!"

"பழைய சேலையைப் போடுங்க!"

அமீனா உள்ளே வந்து என்னை முறைத்தார். சட்டம் அவருக்கும் தெரியும். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் மிதிப்பே, பார்க்கிறேன்."

"சும்மாதானே இருக்கீங்க ஐயா, சட்டைக்கு அளவெடுக்கட்டுமா?" என்றார் அக்கா.

கால் மரத்தபோது எதிர்வீட்டு அம்மாள் மிதித்தார். பிறகு என் அம்மா. சக்கரம் நிற்கவேயில்லை. பொழுது சாய்ந்தால் ஜப்தி கிடையாது. அமீனா எழுந்து போனார். நாங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம்.

வண்டியில் கடைசி வீட்டுத் தச்சர் அண்ணனின் பெட்டி இருந்தது. உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அதற்குள். பட்டறையில் அவரை நிறுத்திவிட்டதால் அன்றும் வேலை தேடி அம்பாங் போயிருந்தார். எடுக்க வேறொன்றும் இல்லாத வீடு. திரும்பி வந்து வெறும் மூலையைப் பார்த்தவர், "வேலை இருந்திருந்தா உளி கையில இருந்திருக்குமே, தம்பி" என்றார்.

பிறகு வழக்கு நடந்து குழாய் வந்தது. ஏலம் போன உளிகள் வரவில்லை. வேலை பறிபோனவனிடம், சும்மா கிடக்கிறது என்று கருவியையும் பறிக்கச் சொல்லும் அந்தச் சட்டத்தை ஆபீசில் நகலெடுக்கும்போதெல்லாம், இன்றைக்கும் என் பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிடுகிறது.