பேனர் கடையும் பேசாத மாமாவும்

கல்யாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலி பேனரும் அடிக்கிற கடையில் வேலைக்கு நின்றால், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கதைகளுக்கு முன்னால் எங்கள் வீட்டு அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அநியாயம் நடந்தது என் தாய்மாமன் செல்வராஜுக்கு. செய்தது என் அப்பா. ரேணு அக்காவின் பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டாரோடு தட்டு மாற்றுவதற்காக மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். பெண்ணின் தாய்மாமன்தான் தட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பா, தோட்டத்தில் பழைய தொழிற்சங்கத்தின் தலைவர், "நீ இரு" என்று சொல்லிவிட்டு, சங்கத்து ஆள் ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டை வாங்கச் சொன்னார். அத்தனை சனத்துக்கு முன்னால். மாமா செய்த குற்றம் என்ன? போன தேர்தலில் சங்கத்தை விட்டுப் புதுக் கட்சிக்காக லயம் லயமாக, வரிசை வீடு ஒன்று விடாமல் போய் ஓட்டுக் கேட்டார். மாமா இலையில் உட்காராமலே வீட்டுக்குப் போனார்.

நான் அன்றைக்கே அப்பாவோடு சண்டை போட்டேன். "ஓட்டுப் போடுறது அவங்க உரிமை, தட்டு வாங்குறது அவங்க முறை, ரெண்டையும் எடுக்க நீங்க யாரு?" என்று கேட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் லயத்திலேயே கடைசி வீட்டுக் காம்பரா மாமாவுடையது. முன்பெல்லாம் பின்னேரமானால் தேயிலைச் சாயத் தண்ணிக் கோப்பையோடு வந்துவிடுவார். "என்னா கெம்பஸ்காரி, இன்னைக்கு என்ன புரட்சி?" என்று ஆரம்பிப்பார். அப்பாவின் சங்கமும் எனக்குப் பிடிக்காது, மாமாவின் கட்சியும் பிடிக்காது. அதனால் மூன்று பக்கமும் நெருப்புப் பறக்கும். அம்மா நடுவில் நின்று ரொட்டி தட்டுவார். இப்போது மாமாவை வழியில் பார்த்தால், வேண்டுமென்றே அவர் கட்சியைப் பற்றி ஏதாவது குத்தலாகச் சொல்லிப் பார்க்கிறேன். "ஆமா புள்ள, நீ சொல்றது சரிதான்" என்று போய்விடுகிறார். என்னோடு அவருக்குக் கோபமில்லையாம். வாதாடாமல் ஆமா போடுகிறாரே, அதைவிடக் கொடுமை உண்டா? வீட்டுக்குள் கட்சி புகுந்த எல்லோருக்கும் இந்த வலி தெரியும்.

இந்த நேரம் பார்த்து நான் படிக்கிற கெம்பஸிலும் ஸ்ட்ரைக். எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை. வீட்டு அமைதியைத் தாங்க முடியாமல்தான் ஹட்டன் டவுனில் பாரூக் நானாவின் பேனர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அமைதி அங்கேயும் வரிசையில் வந்து நின்றது.

நடுவில் ஒரு பூ

சம்பந்திகள் இரண்டு பேர் கார்டு அடிக்க வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு சங்கம், பையனின் அப்பா இன்னொரு சங்கம். பெண் கொடுத்து எடுப்பதில் சிக்கல் இல்லை. கார்டில் எந்தச் சங்கத்துப் பெரியவர் பெயர் மேலே வரும் என்பதில்தான் சிக்கல். மேலே கீழே வேண்டாம், ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன் என்றேன். சரி என்றார்கள். திரையில் காட்டியதும் பையனின் அப்பா மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து எழுத்தின் உயரத்தை அளந்தார். சரியாக இருந்தது. இவர் அளந்ததால் அவரும் வாங்கி அளந்தார்.

தாலி கட்டப் போகிற இரண்டு பேரின் பெயரும் அதற்குக் கீழே இருந்தது. அதை யாரும் அளக்கவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. பாரூக் நானா கண்ணைக் காட்டியதால் அடக்கிக்கொண்டேன். எல்லாம் முடிந்து எழும்பிப் போன பையனின் அப்பா, வாசலில் இருந்து திரும்பி வந்து பெண்ணின் அப்பா காதில் விழாமல் சொன்னார்:

"தங்கச்சி, எங்காளு பேரு முடியிற எடத்துலயே அவங்காளு பேரு ஆரம்பிக்குது. நடுவுல ஒரு பூ வச்சு விடுங்க, தொட்டுக்காம இருக்கட்டும்."

முதுகோடு முதுகு

மலைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுகிற வேலையில் இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர் காலமானார். அவர் எங்கள் ஆள் என்று ஒரு சங்கம் கண்ணீர் அஞ்சலிக்குச் சொல்லிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்த சங்கமும் அதே படத்தோடு வந்தது. நல்ல மனுசன், யார் கேட்டாலும் தலையாட்டியிருக்கிறார். இரண்டு பேனரும் அடித்தாயிற்று. தோட்டத்துக்குள் போகிற முச்சந்தியில் பேனர் கட்ட இருப்பது ஒரே ஒரு இடம். எடுக்க வந்தவர்கள் கடைக்குள்ளேயே சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் மற்றவரை "செத்த வீட்டுலயுமா ஆள் புடிக்கிறீங்க?" என்று கேட்க, மற்றவர் அதையே திருப்பிக் கேட்டார்.

செத்தவரின் மகன் அதுவரை ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அழுது சிவந்த கண். இரண்டு பேனரையும் எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"முதுகோட முதுகு சேத்துக் கட்டிர்றேன். மேல ஏறிப் போறவங்க ஒங்க சங்கத்தப் பாக்கட்டும், கீழ எறங்குறவங்க அவங்க சங்கத்தப் பாக்கட்டும். எங்கப்பாவ எல்லாரும் பாப்பாங்க."

லயம் பூராவும் சின்னம்மா

கொழுந்து மலையில் இருந்து நேராக வந்த ஒரு அக்கா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. போனில் ஒரு குழந்தைப் படத்தைக் காட்டி, முதலாவது பிறந்தநாளுக்குப் பிரேம் போட்டுத் தரச் சொன்னார். உங்கள் பிள்ளையா என்றேன். இல்லையாம். பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற கூட்டாளியின் பிள்ளையாம். புருஷன்மார் இரண்டு பேரும் பேஸ்புக்கில் கட்சிச் சண்டை போட்டு, அது வாசலுக்கு வந்து, இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. "மொதல்ல நிரை போறதே தெரியாது, கதை பேசிக்கிட்டே பறிச்சிருவோம். இப்ப அவ அவ கூடைய மட்டும் பாத்துக்கிட்டுப் பறிக்கிறா. மலையே நீண்டு போச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆம்பளைகள் போடுகிற சண்டைக்கு நீங்கள் ஏன் வாயைக் கட்டிக்கொள்கிறீர்கள், நேரே போய்ப் பேசுங்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, கீழே யார் பெயர் போடுவது என்று கேட்டேன். என் பெயர் இருந்தால் அவள் புருஷன் உள்ளே எடுக்க விடமாட்டான் என்று யோசித்தவர், சட்டென்று முகம் மலர்ந்தார்:

"‘சின்னம்மா’ன்னு மட்டும் போடுங்க. லயம் பூராவும் அதுக்குச் சின்னம்மாதான். அவன் யாருன்னு தேடிக்கிட்டுக் கெடக்கட்டும், அவளுக்குத் தெரிஞ்சிரும்."

சத்தமில்லாத சலூன்

பக்கத்துச் சலூன் மணி அண்ணன் ஒரு போர்டு கேட்டார். ‘இங்கே அரசியல் பேசக் கூடாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும். தேர்தல் முடிந்தும் ஆட்கள் அடங்கவில்லையாம். பாதிச் சவரத்தில் ஒருவர் எழும்பி அடிக்கப் போய், கத்தி கன்னத்தில் கீறிவிட்டதாம். நான் விடவில்லை. பேச விடாமல் செய்வதுதான் எல்லா அநியாயத்துக்கும் ஆரம்பம் என்றேன். "ஒங்க கன்னமா இருந்தா இப்புடிப் பேசுவீங்களா தங்கச்சி?" என்றார். போர்டு அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பேன். த்ரீவீல் ஓட்டுகிற நிமல் அண்ணன், சிங்களத்தில் வாதத்தை ஆரம்பித்துத் தமிழில் திட்டி முடிக்கிறவர், போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் திட்டு வாங்குவதற்காகவே வருகிற பெரியவர்கள் பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் ரோட்டுக்குக் கேட்கும். எனக்கு எங்கள் வீட்டுப் பின்னேரம் ஞாபகம் வரும். அங்கேயும் இப்படித்தான், அம்மா ரொட்டி தட்டுகிற சத்தம் மட்டும்.

ஒருநாள் மணி அண்ணன் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"‘பேசலாம், கையை நீட்டக் கூடாது’ன்னு மாத்தி அடிங்க தங்கச்சி. சத்தமே இல்லாம முடி வெட்டுறது பொணத்துக்குச் சவரம் பண்ற மாதிரி இருக்கு."

எங்கள் வீட்டுக் கார்டு

கடைசியில் அப்பாவே வாடிக்கையாளராக வந்தார். அக்கா கல்யாணத்துக்கு வாசகம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தாய்மாமன் என்கிற வரி வராமலே முடிந்துவிட்டது.

"அப்பா, மாமா பேரு எங்க?"

"எடம் இருக்காது."

"டிசைன் பண்றவ நானு. எடம் இருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். அக்காவுக்குத் தாய்மாமன் இல்லையா, இல்ல அம்மா தனியாப் பொறந்தவங்களா? கட்சி மாறுனா ரத்தமும் மாறிருமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலை இறக்கினார். "லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டுத் தோட்டத்து ஆபீஸ் வாசல்ல மழையில நின்னப்ப, எல்லாரும் கலைஞ்சு போனாங்க. அவன் ஒருத்தன்தான் எங்கூட நின்னான். வேற எவன் எதுத்தாப்புல போயி நின்னாலும் எனக்கு வலிச்சிருக்காது புள்ள."

அப்பாவும் அந்தப் பின்னேரங்களைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், சங்கத் தலைவராக மேடையில் நின்று தேடியதால் எனக்குத் தெரியவில்லை. பிறகு திரையைக் காட்டி, "போடு" என்றார்.

பெயர் போட்டால் மட்டும் மாமா வந்துவிடுவாரா? வராவிட்டால் மணவறையில் அக்கா பக்கம் வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகு அம்மா தன் தம்பி வாசலை மிதிக்கவே முடியாது. பெயர் போட்ட கார்டு ஆயிரம் பேருக்குப் போகும், ஆள் வராத கேவலம் அது வேறு. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு: கார்டில் பெயர் இருக்கிறவர்கள் அச்சுக்கு முன்னால் வந்து கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பின்னால் "என் பேரை ஏன் அங்கே போட்டாய்" என்று யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக பாரூக் நானா வைத்த ரூல். மாமா வீட்டு அத்தையிடம் சொல்லி மாமாவை சனிக்கிழமை காலையில் வரச் சொன்னேன். அப்பாவையும் அதே காலையில் வரச் சொன்னேன். அது கடை ரூல் இல்லை, என் ரூல்.

தோட்டத்தில் இருந்து டவுனுக்குக் காலையில் ஒரு பஸ்தான். அப்பா முன் கதவாலும் மாமா பின் கதவாலும் இறங்கி, ஒரே மழையில் இரண்டு குடையோடு கடைக்கு வந்தார்கள். திரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் நான்.

"பேரு சரியா இருக்கான்னு அவனப் பாக்கச் சொல்லு" என்றார் அப்பா.

"சரியா இருக்குன்னு அவருகிட்டச் சொல்லு" என்றார் மாமா.

"கல்யாணத்துக்கு வருவானான்னு கேளு."

"யாரு கூப்புடுறாங்கன்னு கேளு."

பாரூக் நானாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தலைவரே, அந்தப் புள்ளைய எதுக்கு டெலிபோனாக்குறீங்க? ஆளு முன்னாலதானே நிக்கிறாரு!" என்று சொல்லிவிட்டுப் பிளேன்டீ கொண்டுவர உள்ளே போனார்.

அப்பா குடையை மடித்துச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. மறுபடியும் சாய்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தே பேசினார். "மாப்ள, பரிசத்தன்னைக்கு நான் செஞ்சது சரியில்ல. அத்தன பேரு முன்னால செஞ்சேன், கல்யாணத்துலயும் அத்தன பேரு முன்னால சொல்றேன். மணவறைக்கு முன்னால எனக்குப் பக்கத்து நாற்காலி ஒனக்குத்தான். வந்து ஒக்காரு."

மாமா குடையை மடித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். அவர் "சரி மச்சான், நீங்க சொன்னா சரிதான்" என்று அந்தப் பாழாய்ப்போன ஆமாவைப் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கெம்பஸ் விவாத மேடையில் கேடயம் வாங்கியவள் இத்தனை மாதமாகத் தொண்டை கிழியப் பேசியும் தீராத வழக்கு, கடைசியில் ஒரு நாற்காலியை எங்கே போடுவது என்பதில் வந்து நிற்க, மாமா அப்பாவுக்குச் சொன்ன பதில் இதுதான்:

"பக்கத்துல வேணாம் மச்சான், எதுத்தாப்புல போடுங்க. பக்கத்துல ஒக்காந்தா ஒங்க மூஞ்சியப் பாத்து எப்புடிச் சண்ட போடுறது?"