மேடைக்கு வந்த துண்டுகள்

குருநகரில் ஒரு மண்டபத்தைத் திறந்து பூட்டுவது என் வேலை. பெயர்பெற்ற றொக் இசைக்குழு ஒன்றை விட்டு விலகிய பாடகர், தன் சொந்தப் பாட்டுகளை முதன்முதலாகத் தனியே பாட அங்கே வந்திருந்தார். மெலிந்த ஆள், தோள்வரை முடி. கித்தாரைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

விருப்பமான பாட்டை எழுதி மேடைக்குத் துண்டு அனுப்புவது எங்கள் சனத்தின் வழக்கம். அவற்றை வாங்கிக் கொடுக்க என்னை விட்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கை நிறையத் துண்டுகள். எல்லாவற்றிலும் அந்தக் குழுவின் பாட்டுகளே இருந்தன. பின்வரிசையில் கூச்சல் தொடங்கியது. கதிரைகளை உடைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் துண்டுகளோடு மேடையோரம் போனேன்.

"என்னண்ணை கேக்கினம்?" என்றார் பாடகர் மெதுவாக.

"எல்லாம் பழசுதான், தம்பி. ஒண்டைப் பாடிவிடுங்கோவன், சனம் அடங்கிடும்."

"அடங்கிடும், அண்ணை. பிறகு நான் விட்டிட்டு வந்த இடத்திலைதான் திரும்பப் போய் நிக்கவேணும். எனக்கும் பயமாத்தான் கிடக்கு. நீங்கள் இதிலை கொஞ்சம் நில்லுங்கோ."

மேடையில் ஏறவே கூசுகிற நான் ஏறி அவர் பக்கத்தில் நின்றேன். அவர் தன் பாட்டையே எடுத்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பாதிச் சனம் எழுந்து போனது. கடைசிவரை உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தபடியே இருந்தார். அவ்வளவு பயத்திலும் ஒரு பழைய பாட்டைக்கூட அவர் பாடவில்லை. அது எப்படி அவரால் முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.