பெரியம்மா மறக்காதது

ரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சைப் பெரியம்மா வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். அப்போது வருடம் இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. மறதி நோய்க்கு அம்மாவைப் பார்த்துவந்த மதுரை டாக்டர், அம்மாவின் அக்காவையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருந்தார். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் சேர்ந்தே திரி வெட்டியவர்கள் அக்காவும் தங்கையும். அறுபத்தாறு வயது அம்மாவுக்கு என் பெயர் தெரியவில்லை. எண்பதை நெருங்கிய பெரியம்மாவுக்கு எதுவும் மறக்கவில்லை.

“சிலருக்குப் பிறவியிலேயே ஞாபகத்தைக் காப்பாத்துற ஏதோ ஒண்ணு ரத்தவழியா வந்துடுதும்மா. உங்களுக்கு வந்திருக்கலாம், தங்கச்சிக்கு வராமப் போயிருக்கலாம்” என்றார் டாக்டர்.

“காப்பாத்துதுன்னா, எதுல இருந்து சார்?”

மறதியிலிருந்து என்றார் அவர். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் ஏன் குனிந்தார் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், தீபாவளி சீசனில், காய்ச்சலோடு படுத்திருந்த என் அண்ணனை ஆள் குறைகிறது என்று வீட்டுக்கே வந்து எழுப்பிக் கூட்டிப்போனவர் அவர்தான். அன்று வெடிமருந்து அடைக்கும் அறை வெடித்தது. அண்ணன் அதற்குள் இருந்தான். திரி அறையில் இருந்த பெரியம்மா பிழைத்தார். அன்றோடு அம்மா அவரிடம் பேச்சை விட்டார். ஒரே தெருதான், எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நோய் முற்றியபோது அந்தக் கோபமும் போயிற்று. ஒருநாள் தெருவில் போன பெரியம்மாவை, “ஏக்கா, அங்கனயே போறே? உள்ள வா, சாப்பிட்டியா?” என்று அம்மா கூப்பிட்டார். அதன்பின் அம்மாவுக்குச் சோறு ஊட்டியது பெரியம்மாதான். மகன் எங்கே என்று அம்மா தினமும் கேட்பார். “லோடு ஏத்தப் போயிருக்கான், வந்துருவான்” என்பார் பெரியம்மா. நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அழுகை வந்ததில்லை.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பெரியம்மா சொன்னார்: “அவ என்னை மன்னிச்சுட்டான்னு ஊர்ல சொல்லுதாக. மன்னிக்கலத்தா, மறந்துட்டா. மன்னிக்கணும்னா ஞாபகம் இருக்கணும்ல.”

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் பெரியம்மா என்னிடம் கேட்டார்: “உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கில்ல தாயி?”

“இருக்கு பெரியம்மா” என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார்.

அவரும் இப்போது இல்லை. அம்மாவுக்கு நோய் தொடங்கிய வயது எனக்கு ஆகிறது. ரத்தம் சோதித்துப் பார்க்கலாம் என்கிறான் மகன், வேண்டாம் என்றுவிட்டேன். அன்று காலை, பெரியம்மா வாசலில் காத்திருந்தபோது, உள்ளே அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “சூடு பெருசா இல்லண்ணே, போயிட்டு வா” என்று சோறு கட்டிக் கொடுத்தவள் நான். பெரியம்மாவுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.