பக்கவாட்டில் நடக்கும் டாக்மார் அம்மா

பஸ்ஸில் ஏறினாலும் டாக்மார் அம்மா பக்கவாட்டாகத்தான் ஏறுவார். வலது தோள் முன்னே, இடது கை பின்னே. இளமையில் டென்மார்க்கின் வாள்வீச்சுச் சாம்பியன். எழுபத்து நான்கு வயதிலும் எதிரே யாரோ வாளோடு நிற்பதாக நினைப்பு. கையில் குடை இருந்தால் எங்கள் சில்க்போர்க் ஊர் நாய்கள் அடுத்த தெருவால் போய்விடும்.

மாடி அறையை என் நண்பன் சூசைதாசனுக்கு வாடகைக்கு விட்டவர், அவனிடமிருந்து கொஞ்சம் தமிழும் பிடித்துக்கொண்டார். பிடித்ததெல்லாம் அவன் என்னோடு பேசும் தமிழ். வீட்டுக்கு வந்த எங்கள் தேவாலயச் சுவாமியாரையே "வாடா, சாப்பிடு" என்றுதான் வரவேற்றார். சுவாமியார் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

யுத்தக் கதையை மீன் வாங்கப் போன கதைபோலச் சொல்லுவார். ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, எதிர்ப்புக் குழுவுக்கு ரயிலில் வெடிமருந்து கொண்டுபோனவர் இவர். பையில் என்ன என்று சிப்பாய் கேட்டானாம். வாள் என்றாராம். துப்பாக்கிக் காலத்தில் வாளா என்று அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். வாளுக்கு அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

"பயந்தனீங்களோ அம்மா?" என்று சூசை கேட்டான்.

"ஓம். பிறகு பசிச்சது."

சூசையின் மனைவி விமலராணியும் மகளும் மன்னாரில். அவர்களை இங்கே எடுப்பதற்கு விண்ணப்பித்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அங்கே சண்டை; இங்கே குடிவரவு அலுவலகத்தில், பொறுங்கள் என்ற ஒரே பதில். அவனும் கதிரை நுனியில் இருந்து தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வருவான். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். அதிகாரியின் முகம் கோணினால் குடும்பம் வராது என்ற பயம்.

போன கிழமை அவன் அங்கே புறப்பட்டபோது, தானும் வருகிறேன் என்று டாக்மார் அம்மா கோட்டை மாட்டினார்.

"அவையள் கோவிச்சா என்ர கேஸ் கெட்டுப்போம் அம்மா."

"போடா. வா."

அலுவலகத்தில் அதே பதில். அதிகாரி மிகப் பணிவாகத்தான் சொன்னார். நேரமாகிவிட்டது, கதவைப் பூட்ட வேண்டும் என்றும் சொன்னார். சூசை நன்றி சொல்லி எழும்பினான். டாக்மார் அம்மா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். கூடப்போன நான் பாதி எழும்பி, திரும்ப இருந்தேன்.

அதிகாரி சாவிக்கொத்தோடு கதவடியில் நின்றார். டாக்மார் அம்மா குனிந்து, சப்பாத்துக் கயிறுகளை ஆறுதலாக அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி, தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்போல, கதிரைக்குக் கீழே சோடியாக வைத்தார்.