பி.எஸ்சி. வீட்டு முதல் பட்டதாரி

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் அப்பா பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று இருக்கும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பட்டம் உண்டோ இல்லையோ, தாய்மாமன் வரிசையில் அப்பா பட்டத்தோடுதான் நிற்பார். ஒருமுறை அச்சகத்தில் அதை விட்டுவிட்டார்கள். அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு ரோஷம்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு உரக்கடையில் அவருக்கு வேலை. மூட்டையில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பதைப் படித்து, கரும்புக்கு எது, நெல்லுக்கு எது என்று சொல்வார். "பி.எஸ்சி. சொல்லிட்டாரா? அப்ப தூக்குடா மூட்டைய" என்பார்கள் விவசாயிகள். ஊரில் அவருக்குப் பெயரே அதுதான். நான் பி.எஸ்சி. பொண்ணு. எங்கள் வீட்டு ஆட்டைக்கூட பி.எஸ்சி. வூட்டு ஆடு என்றுதான் விரட்டுவார்கள்.

2010இல் நான் ப்ளஸ் டூ முடித்தேன். இன்ஜினியரிங் போகிற மார்க் வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் முதல் பட்டதாரிச் சலுகை என்ற பேச்சு வந்தது. குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், முதலில் படிக்கப்போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். கவுன்சலிங் போகும்போது தாசில்தார் ஆபீஸ் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆளாளுக்கு அதற்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். சம்பளம் கட்டிப் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

"எல்லாருக்கும் கெடைக்குது. நான் மட்டும் பட்டதாரிக்குப் பொறந்து தொலைச்சிருக்கேன்" என்று கத்தினேன்.

அம்மா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "உங்கப்பா எங்கடி பட்டதாரி?" என்றாள்.

அம்மா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அப்பா கடலூருக்கு பஸ்ஸில் போய் மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தது நிஜம். துணைப்பாடமாக வந்த கணக்கில் ஃபெயில். கல்யாணத்துக்கு அப்புறமும் எழுதிப் பார்த்திருக்கிறார், கணக்கு அசைந்து கொடுக்கவில்லை. அவர் கல்யாணப் பத்திரிகையில் பி.எஸ்சி. என்று போட்டது தாத்தா. எப்படியும் பாஸாகிவிடுவான், முன்கூட்டியே போட்டால் என்ன என்று போட்டுவிட்டாராம்.

"கல்யாணமாயி ஒரு மாசத்துல என்கிட்ட சொல்லிட்டு அழுதாரு. சரி போ, எனக்குக் கெமிஸ்ட்ரி மட்டும் போதும்னு சொன்னேன்" என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "நீ ஏதும் கேட்டுறாத. மனுஷன் ஒடிஞ்சி பூடுவாரு" என்றாள்.

கேட்காமல் எப்படி இருப்பது? அன்று சாயங்காலம் அப்பா வந்ததும், சலுகைக்கு எழுதிப் போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. என் படிப்பை விட ஒரு பட்டப்பெயர் பெரிதா என்று விடியும் வரை மனசுக்குள் சண்டை போட்டேன். காலையில் பார்த்தால் விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. வெறும் பெயர் மட்டும், பின்னால் ஒன்றும் இல்லை.

கிராம நிர்வாக அலுவலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பி.எஸ்சி. பொண்ணுக்கு முதல் பட்டதாரியா? ஏம்மா, என் வேலைக்கு வேட்டு வைக்கவா? வந்து விசாரிச்சிட்டுத்தான் எழுதுவேன்" என்றார். சொன்னபடி அடுத்த நாளே வந்தார். எங்கே வந்தார்? உரக்கடை வாசலுக்கு, விவசாயிகள் மொய்க்கிற காலை நேரத்தில். எதிர் டீக்கடையில் வேறு பெஞ்சு நிறைய ஆள். பின்னாலேயே போன எனக்கு உயிரே போய்விட்டது.

"சார், வாயால சொல்லுங்க. டிகிரி முடிச்சீங்களா, இல்லியா?"

அப்பா கையில் இருந்த பில்புக்கை மூடினார். என்னைப் பார்த்தார். நான் வேண்டாம்ப்பா, வந்துடுங்க, வீட்டுக்குப் போயிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக அந்த நிமிஷம் எனக்கு இன்ஜினியரிங்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றிருந்தது.

"முடிக்கல சார்" என்றார் அப்பா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "கணக்குல ஃபெயிலு. திரும்பத் திரும்ப எழுதினேன். எல்லாத் தடவையும் ஃபெயிலு. எங்க வூட்டுல இதுவரைக்கும் யாரும் டிகிரி வாங்கல. எம் பொண்ணுதான் மொதல்ல."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவரும் அப்பாவோடு அதே பஸ்ஸில் காலேஜ் போய்ப் பாதியில் நின்றவர்.

"இதுக்கா மச்சான் இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு? நீ ஃபெயிலுன்னு எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியுமே."

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தெரியுமா? அப்பறம் ஏன்டா இத்தினி வருஷமா பி.எஸ்சி.ன்னு கூப்டீங்க?"

"உனக்குப் புடிச்சிருந்துச்சி. கூப்ட்டோம்."

மூட்டைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "அதெல்லாம் கெடக்கட்டும் பி.எஸ்சி. என் கரும்பு மஞ்சளா பழுத்துக்கினு நிக்குது. இன்னா போடணும், அத்த சொல்லு மொதல்ல" என்றார். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூட்டையைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தார். அலுவலர் அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவருடைய டீக்கு அப்பாவைக் காசு கொடுக்க விடவில்லை கடைக்காரர்.

சான்றிதழ் கிடைத்தது. சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. முதல் செமஸ்டரிலேயே கணக்கு ஒரு பேப்பர். அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். எங்கள் ரத்தத்திலேயே கணக்கு இல்லை என்று ஹாஸ்டலில் அழுதிருக்கிறேன்.

ரிசல்ட் அன்று கீழவீதி பிரவுசிங் சென்டரில் ஒரே தள்ளுமுள்ளு. பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை அவர்.

"கணக்கு?"

"பாஸுப்பா. எல்லாமே பாஸு."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் பார்த்து அவர் போட்ட கூச்சல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டேய் மச்சான்! கணக்குல பாஸாயிட்டோம்டா!"