பள்ளத்தில் கிடந்த கற்கள்

எங்களுக்கு மனைப்பட்டா கொடுத்த ஆட்சி போய் அடுத்த ஆட்சி வந்திருந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் மனை இருந்த மேட்டை மிராசுதார் இன்னும் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கெடுவுக்குள் சுவர் எழும்பாவிட்டால் பட்டா ரத்து என்பது நிபந்தனை. திங்கட்கிழமை வருவாய் ஆய்வாளர் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் தஞ்சாவூர் விடுதியிலிருந்து வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அப்பா வாடகைக்கு அச்சு எடுத்து, சிமெண்ட் கல் அறுத்து அடுக்கியிருந்தார். மண்சுவர் வைத்தே பழகியவர். பச்சை மண்கல்லுக்கு ஈரம் ஆகாது என்பதால் இதற்கும் ஆகாது என்று நினைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வெயிலில் காயவைத்திருந்தார். பனி இறங்குமுன் தார்ப்பாய் போட்டு மூடவும் செய்திருந்தார்.

ஒன்றைத் தூக்கினேன். வெளுத்துப்போய், இருக்க வேண்டிய கனம் இல்லாமல் இருந்தது. நகத்தால் சுரண்டியதும் மணல் உதிர்ந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டேன். நொறுங்கிவிட்டது.

"எதுக்குப் புள்ள கல்ல ஒடைக்கிற?" அப்பா ஓடிவந்தார்.

"சிமெண்டு தண்ணி குடிச்சாத்தாம்ப்பா இறுகும். நீங்க காயப்போட்டுட்டீங்க."

இப்போது நனைத்தால் ஓரளவு தேறும், ஆனால் திங்கட்கிழமைக்குள் தேறாது என்றேன். அப்படியே எழுப்பிவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. பிரிக்க மாட்டார், அதன் மேலேயே கூரை போட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப் போவது நாங்கள்தான். முடியாது என்றேன்.

"அப்ப மனை போவட்டும்கிறியா?" என்று அம்மா கேட்டாள். அடுக்கை எண்ணிப் பார்த்தேன்; வாங்கிய சிமெண்டுக்குக் கல் குறைவாக இருந்தது.

முதலில் அறுத்த கற்கள் எங்கே என்று கேட்டபோதுதான், அவை மழையில் நனைந்து கெட்டுவிட்டதால் வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டதாக அப்பா சொன்னார். ஓடினேன். அன்றிலிருந்து அவை தண்ணீரிலேயே கிடந்தன. ஒன்றைத் தூக்கியபோது தோள் இழுத்தது. ஈரத்தால் வந்த கனமோ என்ற சந்தேகத்தில் அதையும் கீழே விட்டேன். ஒரு மூலை மட்டும் சிதைந்தது.

எல்லாவற்றையும் சுமந்துவந்து சேர்த்தோம். முன்சுவர் இடுப்பளவுக்கு எழும்பியபோது ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஆய்வாளரின் ஜீப்பிலேயே மிராசுதாரின் காரியஸ்தரும் வந்து இறங்கினார்.

"இதுக்குப் பேரு சுவரா சார்? ஆடு தாண்டிடும்" என்றபடி செருப்புக் காலை மேல்வரிசையில் வைத்து அழுத்தினார். கல்லைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் கலவை இன்னும் பச்சையாக இருந்தது.

"கால எடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "யாருடா இது?" என்றார்.

"எம் மவ. அதுதான் கட்டுச்சு. அது சொன்னா எடுத்துடுங்க" என்றார் அப்பா. அவரிடம் அப்பா அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். சுவர் எழும்பியிருக்கிறது, அப்படித்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு எழுதினார். காரியஸ்தர் காலை எடுத்தார். அவர் மிதித்த இடத்தில் கல் ஒரு நூல் விலகியிருந்தது. ஜீப் கண்ணுக்கு மறையும்வரை அதை மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.