ஒரே வெட்டு

சாத்தான்குளம் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாக்களில் கிடா வெட்ட வெள்ளத்துரையை விட்டால் ஆள் கிடையாது. அரிவாளை ஓங்கினால் ஒரே வெட்டு. தலை தனி, உடல் தனி. அவனுக்கு மாலை போட்ட அதே ஊர், பந்தியில் மட்டும் அவனைத் தள்ளி உட்காரவைத்தது.

தூத்துக்குடிக்குத் துறைமுகக் கல் சுமக்க வந்தவன், எழுபத்துநாலில் இஸ்லாத்தில் சேர்ந்து உதுமான் ஆனான். முதல் நாள் எங்கள் பள்ளிவாசலில் எங்களோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டபோது அழுதுவிட்டான்.

சாராயத்தை விட்டான். விடியுமுன் எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யப் பழகினான். கெட்ட வார்த்தை இல்லாமல் பேசக்கூடப் பழகினான்; அதுதான் எனக்கு ஆச்சரியம். கை மட்டும் பழகவில்லை. என் மளிகைக்கடைக்கு அடுத்த மொகுதூம் காக்காவின் கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. பிஸ்மி சொல்லித் தொண்டையை அறுக்கச் சொன்னால், எலும்பையும் சேர்த்து அறுத்துத் தலையைத் துண்டாக்கிவிடுவான். தலை துண்டானால் முறையான அறுப்பில்லை என்று அந்தக் கறியை எங்கள் ஆட்கள் வாங்க மாட்டார்கள்.

“அறுக்கச் சொன்னா கொலையில்லா பண்ணுத! பெருநாளைக்குள்ள கை அடங்கலன்னா வேற வேலை பாத்துக்க,” என்றார் காக்கா.

வேலை போவதுகூடப் பெரிதில்லை. பழைய வெள்ளத்துரை இன்னும் உள்ளே இருக்கிறான் என்று ஊர் பேசுமே, அதுதான் அவனைத் தின்றது.

ஆடிக் கொடைக்கு அவனை இழுத்துப்போக அவன் அண்ணன் மந்திரமூர்த்தி அரிவாளோடு கறிக்கடைக்கு வந்தான்.

“ஏலே, சாமி காத்துக் கெடக்கு. வா.”

“இனி இந்தக் கை அங்கன ஓங்காதுண்ணே.”

செவிட்டில் விழுந்தது அறை. அடுத்த அடியில் மூக்கு உடைந்து ரத்தம் தாடியில் இறங்கியது. உதுமான் திருப்பி அடிக்கவில்லை. நான் ஓடி வருவதற்குள் அண்ணன் அவனைக் கறி வெட்டும் கட்டையில் சாய்த்துவிட்டான்.

“சாமிக்கு ஆகாத கை எவனுக்கும் ஆகக் கூடாதுலே!”

வலது மணிக்கட்டில் அரிவாள் இறங்கியது. கை துண்டாகிக் கீழே விழுந்தது. விரல்கள் துடித்தன. பாவி, கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது! கடைத்தெருவே மந்திரமூர்த்தியை மிதித்துப் போலீசில் ஒப்படைத்தது. நானும் மிதித்தேன்.

மார்கழியில் ஹஜ்ஜுப் பெருநாள். காக்கா கத்தியை உதுமானின் இடது கையில் கொடுத்தார்.

“வலது கை இல்லாதவன் இடது கையால அறுத்தா குத்தமில்ல. அறு.”

நாங்கள் கிடாயைப் பிடித்துக்கொண்டோம். அந்தக் கைக்கு ஓங்கவே தெரியாது. கத்தி தொண்டையோடு நின்றது. ரத்தம் வடிந்து கிடா அடங்கிய பிறகும் தலை உடலோடு இருந்தது. எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

உதுமான் கத்தியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதான்.

“காக்கா, அந்தக் கைய வெட்டி இந்தக் கைய எனக்குப் பழக்கிவிட்ட அண்ணன் ஜெயில்ல கெடக்கானே! அவனச் சபிக்கதா, அவனுக்காவ துவா கேக்கதா?”

காக்கா கீழே கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்தார்.

“சபிச்சுத் தொலைலே,” என்றேன் நான்.